வெள்ளைக் காருக்கு வைத்த பொட்டு

கோவில்பட்டியில் என்னை ‘இத்தாலி’ என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். கண்ணபிரான் என்று அப்பா வைத்த பெயர் ஆதார் அட்டையோடு சரி. பைபாஸ் ஓரத்தில் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கார், வேன், தீப்பெட்டி பண்டல் ஏற்றுகிற லாரி, காற்றாலைக் கம்பெனி ஜீப் என்று எது வந்தாலும் கழுவிக் கொடுப்பேன். சேறு கழுவி ஊற்றுகிறவனுக்கும் இத்தாலிக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாக வருகிறவர் யாராவது கேட்பார். கேட்டால் தொலைந்தார். வண்டி கழுவி முடிகிற வரைக்கும் அவரை விட மாட்டேன்.

எனக்குக் கார் பைத்தியம். ஓட்டுகிற பைத்தியம் இல்லை, என்னிடம் இருப்பது ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். உலகத்தில் எந்த நாட்டுக்காரன் எந்த வேகமான காரைச் செய்தாலும், அதில் எத்தனை சிலிண்டர், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை வினாடி, மொத்தம் எத்தனை வண்டிதான் செய்தார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் வீட்டில் இதற்கு முன்னால் யாருக்கும் இந்த வியாதி கிடையாது. புதூர்ப் பக்கம் ஆடு மேய்த்த குடும்பம். பதினாலு வயதில் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டினேன், நடுப்பக்கத்தில் ஒரு இத்தாலியக் கார் படுத்திருந்தது. அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை. தாழ்வாக இருக்கிற காரையெல்லாம் ஃபெராரி என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. கழுவ வந்த வண்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் அப்படி ஒரு காரை நான் நேரில் பார்த்ததில்லை. முப்பத்தொன்பது வயது வரைக்கும் பார்த்ததில்லை.

பார்க்க வைத்தது என் தம்பி சீனி. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். டிப்ளமோ முடித்துவிட்டு என்னோடு இரண்டு வருடம் வண்டி கழுவினான். அவனுக்குக் காரின் பெயரெல்லாம் மனதில் நிற்காது. ஆனால் வேலை தெரியும். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. பெயின்ட் மேல் காய விட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்துவிடும். நான் அவசரமாக அரைத் துடைப்பு துடைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போவேன். அவன் பின்னாலேயே வந்து கண்ணாடி ஓரம், கதவிடுக்கு என்று ஒரு சொட்டு விடாமல் ஒற்றி எடுப்பான். ஆறு வருடத்துக்கு முன்னால் சென்னைக்குப் போனான். விலை உயர்ந்த கார்களுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத பூச்சு பூசிப் பாதுகாக்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தான். அந்தக் கம்பெனி வருடத்துக்கு ஒருவரை ஜெர்மனிக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பும். போய்த் திரும்பினால் அப்புறம் அவன் கூலிக்காரன் இல்லை, சொல்லிக் கொடுக்கிறவன். இந்த வருடம் சீனி பெயர் அடிபட்டது. பாஸ்போர்ட் வந்துவிட்டது.

ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி. சென்னையில் நடக்கிற பெரிய கார் கண்காட்சிக்கு யாரோ ஒரு தொழிலதிபர் தன்னுடைய இத்தாலியக் காரைக் கொடுக்கிறார். மூன்று நாளும் அது சீனியின் பொறுப்பு. ஒரு கீறல், ஒரு கறை இல்லாமல் திரும்ப ஒப்படைத்தால் டிக்கெட் அவனுக்கு என்று மேனேஜர் ஹரிகிருஷ்ணன் சொல்லியிருந்தார். அந்தக் காரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இருபத்தைந்து வருடமாக வாய் ஓயாமல் சொன்ன பெயர்தான். இப்போது அதைச் சொல்வதில்லை.

சீனி போனில் சொன்னான்: “அண்ணே, நீ வந்துரணும். உனக்குப் பாஸ் எடுத்துட்டேன். சனத்தை உள்ள விடுததுக்கு முன்னாடி பத்து நிமிசம் உன்னைக் காரைச் சுத்திக் கட்டியிருக்க கயித்துக்கு உள்ள கூட்டிட்டுப் போறேன். பக்கத்துல நின்னு பாரு.”

“யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவளாலே?”

“தெரிஞ்சா சொல்லுவாவதான். நீதானே பாக்கப் போற. அப்புறம் நான் எதுக்கு இந்த வேலையில இருக்கேன்?”

என் மனைவி தீபலட்சுமி செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து, சந்தனத்தையும் குங்குமத்தையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். “கொழுந்தப்பிள்ளை நெத்தியில நீங்களே வச்சு விடுங்க. அவிய ஊருக்கு வந்துட்டுப் போறாவளோ, அங்கன இருந்தே பிளேன் ஏறிருதாவளோ” என்றாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் வண்டி கழுவினால் அதோடு வேலை முடியாது. சந்தனம் குழைத்து பானெட்டில் ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம், ஸ்டியரிங்கில் ஒரு தீற்று. அதற்கப்புறம்தான் சாவியைக் கொடுக்கலாம். கைமறதியாக விட்டுவிட்டால், “என்ன இத்தாலி, வண்டியை மூளியா அனுப்புத” என்று சண்டைக்கு வருவார்கள். பாய் வண்டி, வேதக்காரரான கிறிஸ்தவர் வண்டி என்றால் மட்டும் வைக்கலாமா என்று கேட்டுக்கொள்வேன். பத்தொன்பது வருடமாக நாளைக்குப் பதினைந்து இருபது பொட்டு. என் வலது கைக் கட்டைவிரல் ரேகையில் குங்குமம் எப்போதும் இருக்கும்.

சனிக்கிழமை காலை எழும்பூரில் இறங்கி, விசாரித்து விசாரித்துக் கண்காட்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். சீனி பக்கவாட்டுக் கதவு வழியாக என்னை உள்ளே கூட்டிப்போனான். கறுப்பு பனியன், கழுத்தில் அடையாள அட்டை, ஆள் கொஞ்சம் மெலிந்திருந்தான். எங்கள் ஊர்ப் பருத்தி ஜின்னிங் மில் நான்கைச் சேர்த்த மாதிரி பெரிய கூடம். யாரும் இல்லை. அங்கங்கே கார்கள் துணி போர்த்திக் கிடந்தன. நடுவில் ஒரு மேடையில் விளக்குகளுக்குக் கீழே அது நின்றது.

நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். சுண்ணாம்பு அடித்துக் காய்ந்த சுவர் மாதிரி பளபளப்பே இல்லாத வெள்ளை. புகைப்படத்தில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது, என் இடுப்புக்குக் கூட வரவில்லை. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த எண்ணெல்லாம் அந்த நேரம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

சீனி கயிற்றைத் தூக்கிப் பிடித்தான். நான் குனிந்து உள்ளே போனேன்.

“தொட்டுறாதண்ணே. இது மேட் பெயின்ட். நம்மூரு வண்டி மாதிரி பாலிஷ் போட்டு எடுக்க ஏலாது. கறை பட்டா பட்டதுதான்.”

“எனக்கே சொல்லித் தாரியாலே?” என்றேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்படியே சுற்றி வந்தேன். முன்னால், பின்னால், மறுபடி முன்னால். சீனி காரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கூட வந்தான். அவன் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அப்புறம் டப்பா ஞாபகம் வந்தது. உள்ளங்கையில் சந்தனத்தைப் போட்டு, பாட்டில் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டுக் குழைத்தேன். “குனிலே” என்றேன். குனிந்தான். நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து அதன் மேல் குங்குமமும் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

“நல்லபடியா போயிட்டு வா.”

“சரிண்ணே.”

அந்த நேரம் பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் அங்கே திரும்பி ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான். என் விரலில் சந்தனம் மிச்சம் இருந்தது. காரின் மூக்கு எனக்கு நேராக இருந்தது.

தொடக் கூடாது என்று அவன் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் பொட்டு வைப்பது தொடுவதில் சேர்த்தி என்று என் கைக்குத் தெரியவில்லை. என் பிள்ளை மாதிரி வளர்த்தவனுக்கு வைத்தேன், அவன் பார்த்துக்கொள்கிற வண்டிக்கும் வைத்தேன். சந்தனம், மேலே குங்குமம். ‘தாயே, இவனுக்கு ஒரு குறையும் வரக் கூடாது’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் வைத்தேன். கைக்குட்டையில் விரலைத் துடைத்தேன். அவ்வளவு திருப்தியாக இருந்தது.

மணி பத்தாகிக் கதவைத் திறந்துவிட்டார்கள். சீனி ஓடிவந்து அவசர அவசரமாகக் கயிற்றைத் தூக்கி என்னை வெளியே அனுப்பினான். அவன் நிற்க வேண்டிய இடம் காருக்குப் பின்னால், மேடைப் படிக்குப் பக்கத்தில். அங்கிருந்து பார்த்தால் பானெட் தெரியாது. கூட்டம் திமுதிமுவென்று வந்து முன்பக்கம் நின்றது. ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தங்கள் முகத்தைத்தான் எடுத்தார்கள், காரை யார் பார்த்தார்கள்?

எனக்குப் பக்கத்தில் தாடி வைத்த ஒருவர் நின்றுகொண்டு கேமராவைப் பார்த்துப் பேசினார். யூடியூபில் கார்களைப் பற்றிப் பேசுகிறவராம். “இதுல இருக்கிறது எட்டு சிலிண்டர் இன்ஜின்” என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை.

“சார், பன்னெண்டு.”

அவர் திரும்பிப் பார்த்தார். போனில் தேடிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே கேமராவை என் பக்கம் திருப்பி, “நீங்களே சொல்லுங்க சார்” என்றார்.

சொன்னேன். இருபத்தைந்து வருடம் சேர்த்து வைத்ததைச் சொன்னேன். முதல் வண்டி எந்த வருடம் வந்தது, கதவை ஏன் மேல்நோக்கித் திறக்கிற மாதிரி செய்தார்கள், மூக்கை ஏன் அத்தனை தாழ்த்தி வைத்தார்கள். என்னைச் சுற்றி ஒரு வட்டம் கூடிவிட்டது. கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன். கைதட்டினார்கள். ஒரு அம்மா, “எந்தக் கம்பெனியில இன்ஜினீயரா இருக்கீங்க?” என்று கேட்டார். வாட்டர் சர்வீஸ் என்று சொல்ல வாயைத் திறந்தவன், “சொந்தத் தொழில்ங்க” என்றேன். பேச்சுத் தமிழ்கூட மாறிவிட்டது எனக்கு. எங்கள் ஊரில் என்னை இத்தாலி என்று கேலியாகக் கூப்பிடுகிறார்கள், இங்கே உண்மையிலேயே மதிக்கிறார்கள் என்று நினைத்தேன். தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் மேனேஜர் ஹரிகிருஷ்ணன் வந்தார். யாரோ இரண்டு பேருக்குக் காரைக் காட்டிக்கொண்டே வந்தவர், மூக்குக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டார். கயிற்றைத் தாண்டி உள்ளே போய்க் குனிந்து பார்த்தார். பையிலிருந்து ஒரு துணியை எடுத்து ஒற்றினார். மஞ்சள் போனது, சிவப்பு போகவில்லை. கொஞ்சம் அழுத்தித் துடைத்தார். கடுகளவு இருந்த சிவப்பு ரூபாய்க் காசளவு இளஞ்சிவப்பாகப் பரவியது. துடைத்த இடம் மட்டும் எண்ணெய் பட்ட மாதிரி மினுங்கியது.

அதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

“சீனி!” என்றார். சீனி ஓடிவந்தான். அவர் காரைக் காட்டினார். அவன் பார்த்தான். அவர் அவன் நெற்றியைப் பார்த்தார். அதே சந்தனம், அதே குங்குமம்.

“நீயா?”

சீனியின் கை நெற்றிக்குப் போய்ப் பொட்டைத் தொட்டது. பிறகு தலையைத் தூக்கிக் கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்தான்.

தாடிக்காரர் கேமராவை அந்தக் கறைக்கு நேரே கொண்டுபோனார். “பட்டிக்காட்டான் மாட்டு வண்டின்னு நெனச்சுட்டானா? இந்தக் காருக்குப் போய்ப் பொட்டு வெச்சிருக்கான் பாருங்க” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி, “பாத்தீங்களா சார்?” என்றார்.

நானும் சிரித்தேன்.

அபராதத்துக்குப் பயந்தேன், போலீசுக்குப் பயந்தேன் என்று பின்னால் பலவிதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் பொய். ‘நான்தான் வைத்தேன்’ என்று சொன்னால் அந்த நிமிடத்தோடு நான் அவர்களுக்கு சார் இல்லை, பட்டிக்காட்டான். பதினைந்து நிமிட மரியாதையை விட எனக்கு மனது வரவில்லை. சீனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலை லேசாக அசைந்த மாதிரி எனக்கு இருந்தது. ‘சொல்லாதே, நீ போ’ என்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து, “ஆமா சார்” என்றான் சீனி. ஹரிகிருஷ்ணன் கை நீட்டினார். அவன் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தான்.

வெளியே வந்து எதிர்ப்பக்கத்துப் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். மதியம் ஒரு மணிக்கு மேல் சீனி பையோடு வந்தான். முகம் கழுவியிருந்தான், நெற்றியில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “சாப்டியாண்ணே?” என்றான்.

“இல்லலே.”

பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். குடித்தேன்.

“ஜெர்மனிக்கு?”

“செல்வமாரியை அனுப்புதாங்களாம். எங்கூட வேலை பாக்குத பய. நல்லா வேலை செய்வான்.”

வெயில் கொளுத்தியது. எதிரே வாசலில் வரிசை வளைந்து வளைந்து நின்றது. நான் எத்தனையோ சொல்ல நினைத்தேன். கடைசியில் அவனையே குறை சொல்கிற மாதிரிதான் வாயில் வந்தது.

“ஏம்லே, நாந்தான் வச்சேன்னு நீ சொல்லியிருக்கலாம்லா?”

அவன் பாட்டிலை வாங்கி மூடினான்.

“நீ சொல்லுவேன்னு பாத்தேம்ண்ணே.”

“நீ தலைய ஆட்டுன மாதிரி இருந்துச்சு. சொல்லாதங்கியோன்னு...”

“நான் ஆட்டலண்ணே.” அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். “உன்னையத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். நீ சிரிச்சுக்கிட்டு இருந்த.”

சடாரென்று எழுந்தேன். “இப்ப போயி சொல்லுதேன்லே. நான்தான்னு சொல்லிருதேன். அவிய கால்ல விழுந்தாவது சொல்லிருதேன்.”

அவன் ‘வேண்டாம், விடு’ என்பான் என்று நினைத்தேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சின்னப் பிள்ளையில் ஐஸ் வாங்கித் தருகிறேன் என்றால் பார்ப்பானே, அப்படிப் பார்த்தான்.

“சொல்லுதியாண்ணே? ஹரி சாரு அஞ்சு மணி வரைக்கும் அங்கனதான் இருப்பாவ. திங்கக்கிழமதான் மேலிடத்துக்கு எழுதுவாவளாம். நீ சொன்னா கேப்பாவ.”

“சரி, சரி” என்றேன். சட்டையைச் சரிசெய்துகொண்டேன். ரோட்டைத் தாண்டினால் வாசல். வாசலில் அந்தத் தாடிக்காரர் நான்கைந்து பேரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டார். “சார்!” என்று அங்கிருந்தே கையைத் தூக்கினார். கூட இருந்தவர்களிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். எல்லாரும் திரும்பி மரியாதையாகச் சிரித்தார்கள்.

சீனி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னோடு உள்ளே வருவதற்காக எழுந்து நின்றான்.

அந்த நேரம் எழும்பூர் பஸ் வந்தது. கை காட்டி அதை நிறுத்தியது நான்தான்.